குடலில் வலியை உணரும் நரம்பு செல் எது? அதை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

#1 செம்பருத்தி

எனக்கு நெடுநாளாக ஐபிஎஸ் என்ற எரிச்சல் குடல் நோய். சமீபத்தில் கொலோனோஸ்கோப்பி செய்தார்கள். மயக்கம் லேசாகத்தான் கொடுத்திருந்தார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். சின்ன இடுக்கி ஒன்று வந்து குடலின் உட்சுவரைக் கவ்வி ஒரு துணுக்கைப் பிய்த்தது. அந்த இடத்தில் ரத்தம் துளிர்த்தது கூடத் தெரிந்தது. வலி மட்டும் இல்லை, துளியும் இல்லை. ஆனால் வழி தெரிவதற்காக உள்ளே காற்றை ஏற்றினார்களே, அப்போது உயிர் போய் உயிர் வந்தது.

முடிவு: எல்லாம் இயல்பு. “உடம்பில் ஒன்றும் இல்லை, மனம்தான் காரணம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிய்த்தால் வலிக்காத இடம் காற்றுக்கு ஏன் அப்படித் துடிக்கிறது? குடலில் வலியை உணரும் நரம்பு செல்களை அடையாளம் கண்டதாகச் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. இத்தனை காலம் அவை எங்கே ஒளிந்திருந்தன? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

#2 கத்திமுனை

அறுவை மருத்துவன் நான். நீங்கள் கண்டதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். வயிற்றுச் சுவர் வழியாகக் குடலின் ஒரு வளையத்தை வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு, அதைச் சில நாள் கழித்துத் திறக்கும் வழக்கம் முன்பு இருந்தது. வார்டிலேயே, படுக்கையிலேயே, மின்சூட்டுக் கத்தியால் திறப்பார்கள். மரத்துப்போகும் ஊசி கூடத் தேவைப்படாது. நோயாளி விழித்தபடி பேசிக்கொண்டிருப்பார். கருகும் வாடையைத்தான் குறை சொல்வார்.

அதே நோயாளியின் குடலைச் சற்று இழுத்துப் பாருங்கள். முகம் வெளுத்துவிடும், வியர்க்கும், குமட்டும். குடலை முதுகுப் பக்கம் பிடித்திருக்கும் மெசென்ட்ரி என்ற மடிப்புச் சவ்வு இழுபடுவதுதான் காரணம்.

இது பழைய புதிர். ஸ்வீடனின் லென்னாண்டர் என்ற அறுவை மருத்துவர், இடத்தை மட்டும் மரக்கச் செய்து அறுவை செய்தபோது இதைக் கவனித்து, உள்ளுறுப்புகளுக்கு வலியுணர்வே கிடையாது என்ற முடிவுக்கு வந்தார். 1911ஆம் ஆண்டு லண்டனில் ஆர்தர் ஹர்ஸ்ட் (அப்போது அவர் பெயர் ஹெர்ட்ஸ்) அதை மறுத்தார். வெட்டும் சூடும் குடலுக்கு உரிய தூண்டல்கள் அல்ல, சுவர் விரிந்து இழுபடுவதே உரிய தூண்டல் என்றார். உங்கள் காற்று அனுபவம் ஹர்ஸ்ட் சொன்னதற்கு நேர்ச் சாட்சி. எந்த செல் என்ற கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

#3 நிலவன்

குடலுக்குத் தனி மூளையே உண்டு, அதன் சுவருக்குள் பத்து கோடிக்கு மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன என்று படித்திருக்கிறேன். அவற்றில் சில வலியை உணர்கின்றன, அவ்வளவுதானே? இதில் அடையாளம் காண்பதற்கு என்ன இருக்கிறது?

#4 வேர்முடிச்சு

நிலவன், அந்தக் கோடிக்கணக்கான செல்களில் உங்களுக்கு வலி என்று சேதி சொல்லும் செல் ஒன்று கூட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

குடல் சுவருக்குள் இரண்டு வலைகள் இருக்கின்றன: தசையடுக்குகளுக்கு நடுவே அவுர்பாக் வலை, உட்படலத்துக்குக் கீழே மெய்ஸ்னர் வலை. அவற்றிலும் உணரும் செல்கள் உண்டு. உணவு வருவதை, சுவர் விரிவதை உணர்ந்து அடுத்த அசைவையும் சுரப்பையும் உள்ளூரிலேயே முடிவு செய்கின்றன. அந்தச் சேதி மூளையின் உணர்வுத் தளத்துக்குப் போவதில்லை. போயிருந்தால் நம்மால் சாப்பிட்டபின் வேறு வேலை பார்க்க முடியாது.

வலியைச் சொல்லும் செல்லின் உடல் குடலிலேயே இல்லை. முதுகெலும்பின் இரு பக்கமும், எலும்புக் கண்ணிகளுக்கு நடுவே, பின்வேர் நரம்பு முடிச்சுகள் வரிசையாக இருக்கின்றன. செல் உடல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஒரு நீண்ட இழை குடல் வரை வந்து சுவருக்குள் கிளைவிட்டு முடிகிறது. மறு இழை தண்டுவடத்துக்குள் போகிறது. மூளையிலிருந்து நேரே வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பும் குடலிலிருந்து சேதி கொண்டுபோகிறது, அதன் இழைகளில் பெரும்பகுதி உணர்விழைகள்தாம். ஆனால் அவை பெரும்பாலும் வயிறு நிறைந்தது, குமட்டல் போன்றவற்றுக்கு. வலிக்கு முதன்மையானவை தண்டுவட வழியில் போகும் இழைகள்.

இப்போது சிக்கல் புரியும். ஒரு பின்வேர் முடிச்சில் தோலுக்குப் போகும் செல், தசைக்குப் போகும் செல், மூட்டுக்குப் போகும் செல் எல்லாம் கலந்து கிடக்கின்றன. உள்ளுறுப்புகளுக்குப் போகிறவை அவற்றில் சிறுபான்மை. முடிச்சைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி உருண்டைகள். எது பெருங்குடலுக்குப் போகிறது என்று எந்த உருண்டையிலும் எழுதியிருக்காது.

செம்பருத்தியின் முதல் கேள்விக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. இழைகள் குறைவு, ஒவ்வோர் இழையும் பரந்த இடத்தைக் கவனிக்கிறது. பெரிய கொல்லைக்கு ஒரே பரண் காவல்காரன் போல. இடுக்கி பிய்த்தது கடுகளவு இடம்; அதில் சிக்கிய முனைகள் மிகச் சில. காற்று ஏற்றும்போது நீண்ட தூரத்துக்குச் சுவர் முழுவதும் விரிகிறது, நூற்றுக்கணக்கான முனைகள் ஒன்றாக எழும்புகின்றன. தண்டுவடம் அந்தக் கூட்டுக்குரலைத்தான் கேட்கிறது.

#5 தணல்

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா? 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு டிஆர்பிவி1 மரபணுவைப் பிரித்தெடுத்தது. மிளகாயின் காரப்பொருளும் சுடும் வெப்பமும் திறக்கிற அயனி வாயில் அது. 2021 நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. பின்வேர் முடிச்சில் டிஆர்பிவி1 உள்ள செல் வலி செல், இல்லாதது வேறு செல். நிறமேற்றிப் பார், எண்ணு, முடிந்தது. உயிர்வேதியியல் மாணவன் என்ற முறையில் கேட்கிறேன்: இதில் மர்மம் எங்கே?

#6 வேர்முடிச்சு

தணல், தோலுக்கு உங்கள் வழி ஓரளவு பலிக்கும். குடலுக்கு அதைக் கொண்டுவந்தால் கை நழுவிப் போகும். பெருங்குடலுக்குப் போகும் தண்டுவட இழைகளில் பெரும்பாலானவை டிஆர்பிவி1 உள்ளவை. வலியோடு சேர்த்துப் பேசப்படும் சிஜிஆர்பி என்ற பெப்டைடும் அப்படியே. அடையாளச் சின்னம் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருந்தால் அது யாரையும் அடையாளம் காட்டாது.

நாங்கள் உண்மையில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன்.

முதலில் முகவரி. எலியின் பெருங்குடல் சுவருக்குள் ஃபாஸ்ட் புளூ போன்ற சாயத்தை மிக நுண்ணிய ஊசியால் சில இடங்களில் ஏற்றுவோம். ஊசி சற்று ஆழமாகப் போனால் சாயம் குடலின் உட்குழாயில் கொட்டிவிடும். வெளியே கசிந்தால் பக்கத்து உறுப்பின் நரம்பும் நிறமேறிவிடும். நரம்பு முனை அதை உறிஞ்சி, இழை வழியாக முடிச்சு வரை கொண்டுபோகச் சில நாள்கள் ஆகும். பிறகு முடிச்சை எடுத்துப் புற ஊதா ஒளியில் வைத்தால் இருட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீல உருண்டைகள். அவைதாம் குடலுக்குப் போகிறவை. முதல் முறை பார்க்கிற யாரும் “இவ்வளவுதானா?” என்றுதான் கேட்பார்கள்.

இது குடலிலிருந்து முடிச்சுக்கு. எதிர்த்திசைதான் கடினமானது: குடலில் எந்த முனை எந்த முடிச்சிலிருந்து வந்தது? ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் நிக் ஸ்பென்சர் குழு உயிரோடிருக்கும் எலியின் பின்வேர் முடிச்சுக்குள்ளேயே சாயத்தை ஏற்றி, அது குடல் வரை இறங்கிய பின் முனைகளைப் பார்த்தது. 2014இல் வெளியான அந்த வேலையில் பெருங்குடலில் மட்டும் 13 வகை முனைகள் தெரிந்தன. தசையடுக்கில் சில, உட்படலத்தில் சில, ரத்தக் குழாயைச் சுற்றிச் சில, குடலின் சொந்த நரம்பு முடிச்சுகளுக்குள்ளேயே சுருண்டு முடிகிறவை சில. அதற்கு முன் இவை தண்டுவடத்து முனைகளா, குடலின் சொந்த இழைகளா என்று பிரிப்பதே பெரும்பாடு, ஏனென்றால் ஒரே சின்னங்கள் இரண்டிலும் ஒளிரும்.

அடுத்து நடத்தை. குடல் துண்டை அதன் நரம்போடு வெட்டியெடுத்து, ஆக்சிஜன் ஊட்டிய உப்புக் கரைசலில் விரித்து வைத்து, நரம்பை இழையிழையாகப் பிரித்து மின்முனையில் வைப்போம். பிறகு மெல்லிய நைலான் இழையால் குத்துவது, உட்படலத்தை வருடுவது, இழுத்து விரிப்பது என மூன்று சோதனைகள். எதற்குத் துடிக்கிறதோ அதை வைத்து வகை பிரிக்கிறோம். ஆஸ்திரேலியாவில் பிரயர்லியும் பிளாக்ஷாவும் மற்றவர்களும் 2004இல் ஐந்து வகையாகப் பிரித்தது இன்றும் அடிப்படை: மெசென்ட்ரியில் உள்ளது, வெளிப்படலத்தில் உள்ளது, தசையில் உள்ளது, உட்படலத்தில் உள்ளது, தசை-உட்படலம் இரண்டுக்கும் பொதுவானது. மெசென்ட்ரியிலும் வெளிப்படலத்திலும் இருப்பவை பலத்த தூண்டலுக்குத்தான் எழும். கத்திமுனை சொன்ன இழுவை வலிக்கு இவற்றையே சந்தேகிக்க வேண்டும்.

எதற்குமே எழாத இழைகளும் கணிசமாக உண்டு. குத்தினாலும் இழுத்தாலும் பேசாமல் கிடக்கும். அழற்சிப் பொருள்களை மேலே ஊற்றினால் விழித்துக்கொண்டு, அதற்குப்பின் சாதாரணத் தொடுதலுக்கே துடிக்கும். ஊமை இழைகள் என்கிறோம். இவற்றை வலி செல் பட்டியலில் சேர்ப்பதா இல்லையா? நேற்று வரை பேசாதது இன்று கத்துகிறது. அழற்சியே கண்டிராத எலியில் மட்டும் தேடுகிறவர் இந்த வகையைத் தவறவிட்டுவிடுவார்.

மூன்றாவது மரபணு. கேம்பிரிட்ஜ் குழு 2019இல் நீல உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒவ்வொன்றிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று படித்தது. பெருங்குடலுக்குப் போகும் செல்கள் ஏழு வகையாகப் பிரிந்தன. அவற்றில் இரண்டு வகை, பெருங்குடலிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் இரு பாதைகளில் ஒன்றான இடுப்பு நரம்பு வழியில் மட்டுமே இருப்பவை.

13 வகை முனை, ஐந்து வகை நடத்தை, ஏழு வகை மரபணு. மூன்று பட்டியல்களும் ஒன்றோடொன்று பொருந்த மறுக்கின்றன. இந்தத் துறையின் தலைவலி அதுதான். ஒரு செல்லை வலி செல் என்று சொல்ல வேண்டுமானால் அதன் முனை எங்கே, அது எதற்கு எழுகிறது, அதன் மரபணு என்ன என்ற மூன்றையும் அதே செல்லில் காட்ட வேண்டும். அதோடு நான்காவதாக ஒன்று: அதைத் தூண்டினால் விலங்கு வலிப்பதுபோல் நடந்துகொள்கிறதா, அதை அடைத்தால் அந்த நடத்தை நிற்கிறதா?

#7 மருந்துப்பெட்டி

வேர்முடிச்சு சொன்னதோடு இன்னொன்று. முதலில் உணர்வது நரம்பாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. உட்படலத்தில் என்டரோகுரோமாஃபின் செல்கள் உண்டு. நரம்புகளுக்குச் சேதி சொல்லும் வேதிப்பொருளான செரட்டோனினில், உடலில் உள்ளதன் பெரும்பகுதி அவற்றிடமிருந்தே வருகிறது. 2017இல் ஜூலியஸின் ஆய்வகமே இவை எரிச்சலூட்டும் வேதிப்பொருள்களை உணர்ந்து, நரம்பு முனைக்குச் செரட்டோனினைச் சொரிகின்றன என்று காட்டியது. 2023இல் எலிகளில் இந்த செல்களைத் தூண்டியபோது குடல் மிகையுணர்வும், நீடித்தால் பதற்றம் போன்ற நடத்தையும் வந்தன. குடலில் தொடங்கியது மனத்தில் போய் முடிகிறது. செம்பருத்தியிடம் மனம்தான் காரணம் என்றவர் இந்த அம்பு எதிர்த்திசையிலும் பாயும் என்பதை யோசித்திருக்கலாம்.

#8 தணல்

வேர்முடிச்சு எழுதியது: “அதைத் தூண்டினால் விலங்கு வலிப்பதுபோல் நடந்துகொள்கிறதா, அதை அடைத்தால் அந்த நடத்தை நிற்கிறதா?”

அந்த நான்காவது சோதனை நடந்துவிட்டதே. ஹார்வர்டில் டேவிட் கின்டி ஆய்வகம், 2023, ‘செல்’ என்ற ஆய்விதழ். பெருங்குடலின் கடைப்பகுதிக்குப் போகும் செல்களில் விரிவை உணரும் வகைகள் நான்கு என்றும், ஒவ்வொன்றும் வெவ்வேறு அழுத்தத்தில் எழுகிறது என்றும் காட்டினார்கள். மிக அதிக அழுத்தத்தில் மட்டும் எழும் வகையை பிஎம்பிஆர்1பி என்ற மரபணுவை வைத்துப் பிடித்தார்கள். அதை அடைத்தால் பலத்த விரிவுக்கான எதிர்வினை குறைகிறது. அதை மட்டும் தூண்டினாலே எதிர்வினை வருகிறது. குடல் அழற்சியில் வரும் மிகையுணர்வுக்கும் அதுவே வழி. விரிவை உணர உதவுவதில் பீசோ2 வாயிலுக்கும் பங்கு. 2021 நோபலில் ஜூலியஸோடு பங்கிட்டுக்கொண்ட படபூடியனின் வாயில்தான் அது.

இதற்கு மேல் என்ன வேண்டும்?

#9 வேர்முடிச்சு

அருமையான வேலை, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இத்துறையில் இதுவரை வந்தவற்றில் ஒரு செல் வகையின் பெயரைச் சொல்லி விரல் நீட்டிய மிகத் துணிவான கட்டுரைகளுள் ஒன்று. ஆனால் விரல் எதை நோக்கி நீண்டிருக்கிறது என்று பாருங்கள்: கடைப்பகுதிக் குடல், பலூன் விரிவு, எலி. ரத்த ஓட்டம் தடைபட்ட குடல் வலிக்கிறது; அமிலம், பித்தநீர், நுண்ணுயிர்ப் பொருள்கள் பட்டு வலிக்கிறது. இவற்றுக்கெல்லாம் அதே வகைதான் பொறுப்பா என்று பலூன் சொல்லாது.

இன்னொன்று, குறைந்த அழுத்தத்தில் எழும் இழைகளும் அழுத்தம் ஏற ஏற வேகமாகத் துடித்துக்கொண்டே போகின்றன. மலம் கழிக்க வேண்டும் என்ற உணர்வைத் தரும் இழை, அளவு மீறும்போது வலிக்காகவும் குரல் கொடுக்கிறது என்று வாதிடுவோர் இன்னும் உண்டு. எனக்கு அந்த வாதம் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் பலத்த தூண்டலுக்கு மட்டும் எழுவதே வலி செல் என்று தோலிலிருந்து கடன்வாங்கிய இலக்கணம் குடலுக்கு அப்படியே பொருந்தும் என்பதும் ஒப்பவில்லை.

எலி வலிக்கிறது என்று சொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். பலூன் விரியும்போது வயிற்றுத் தசை எவ்வளவு இறுகுகிறது என்பதைத்தான் அளக்கிறோம்.

#10 நிலவன்

மனிதரில்?

#11 வேர்முடிச்சு

மனித முடிச்சுக்குள் யாரும் சாயம் ஏற்ற முடியாது. அறுவையில் அகற்றிய குடலையும் குடல்வாலையும் நோயாளியின் ஒப்புதலோடு வாங்கி, அதே உப்புக் கரைசலில் வைத்து நரம்பைக் கேட்கிறார்கள். அழற்சிப் பொருள்களுக்கு மனித இழைகளும் துடிப்பது அப்படித்தான் பதிவானது. உறுப்புக் கொடையாளர்களின் பின்வேர் முடிச்சுகளிலும் மரபணு படிக்கிறார்கள். ஆனால் அதில் எந்த உருண்டை குடலுக்குப் போனது என்று சொல்லும் நீலச் சாயம் இல்லை.

#12 செம்பருத்தி

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நன்றி. என் விஷயத்துக்கு வருகிறேன். காற்று எல்லோருக்கும்தான் ஏற்றுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு? என் பயாப்சியில் இந்த நரம்புகள் தெரிந்திருக்க வேண்டாமா?

#13 வேர்முடிச்சு

அம்மா, உங்கள் பயாப்சியில் இருந்தது உட்படலத் துணுக்கு மட்டும். செல் உடல்கள் முதுகெலும்புக்குப் பக்கத்தில். அவை அதில் வர வழியே இல்லை. வந்திருந்தால் மெல்லிய முனைகள் வந்திருக்கும். வழக்கமான சாயத்தில் அவை தெரியாது, தனிச் சாயம் வேண்டும். ஆக அந்த அறிக்கையில் “இயல்பு” என்று இருப்பதற்குப் புற்றோ அழற்சியோ இல்லை என்று பொருள். நரம்பைப் பற்றி அது நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

உங்களுக்கு ஏன் அதிகம் என்பதை 1973லேயே ரிச்சி என்பவர் பலூன் வைத்து அளந்தார். 60 மில்லி காற்றுக்கு மற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கு வலித்தது; ஐபிஎஸ் உள்ளவர்களில் 55 சதவீதத்தினருக்கு வலித்தது. குடல் அதே, காற்றும் அதே, எழும் எல்லை மட்டும் இறங்கியிருக்கிறது.

அது ஏன் இறங்குகிறது? ஒரு தடயம் போலோன்யாவிலிருந்து 2004இல் வந்தது: ஐபிஎஸ் நோயாளிகளின் உட்படலத்தில் மாஸ்ட் செல்கள் (ஒவ்வாமையில் பங்குபெறும் நோயெதிர்ப்பு செல்கள்) நரம்பு முனைக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றனவோ அவ்வளவுக்கு வலியின் கடுமையும் அடிக்கடி வருவதும் கூடின. 2021இல் பெல்ஜியத்தின் லூவன் குழு அடுத்த படிக்குப் போனது. எலிக்குக் குடல் தொற்று இருக்கும்போது ஒரு புரதத்தை உண்ணக் கொடுத்தார்கள். தொற்று ஆறிய பிறகும் அதே புரதம் வந்தால் குடலில் மட்டும் ஒவ்வாமை எழுந்தது, மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டின, நரம்பு முனைகள் கூருணர்வு பெற்றன. ரத்தப் பரிசோதனையில் பிடிபடும் பொது ஒவ்வாமை கிடையாது. ஒரு வயிற்றுப்போக்கு நோய்க்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கியது என்று ஐபிஎஸ் நோயாளிகளில் ஒரு சாரார் சொல்வதற்கு இது இயைகிறது.

#14 நெறியாளர்

தனிப்பட்ட சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரோடு எடுங்கள். எடை குறைதல், மலத்தில் ரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, ரத்தசோகை இருந்தால் இந்த விவாதத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். விவாதம் தொடரட்டும்.

#15 தணல்

சரி, குற்றவாளி வகை கிடைத்துவிட்டது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த செல்களை அழித்துவிட்டால் கதை முடிந்ததல்லவா?

#16 மருந்துப்பெட்டி

தம்பி, அழித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2022இல் ஹார்வர்டின் ஐசக் சியூ குழு எலிகளில் வலி நரம்புகளை நீக்கியபோது குடலின் சளிப்படிவு மெலிந்தது, அழற்சி கடுமையானது. இந்த முனைகள் சளி சுரக்கும் கோப்பை செல்களுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. வலியோடு சேர்த்துப் பேசப்படும் அதே சிஜிஆர்பியைச் சொரிந்து சளியைச் சுரக்க வைக்கின்றன. காவலை நீக்கினால் வலியும் போகும், சுவரும் போகும்.

தோலில் பலித்தது குடலில் பலிக்காததும் உண்டு. நேவ் 1.7 என்ற சோடியம் வாயில் இல்லாமல் பிறப்பவர்கள் வலியே அறியாதவர்கள். எத்தனையோ நிறுவனங்கள் அதைத் துரத்தின. எலிகளின் வலி நரம்புகளிலிருந்து அதை நீக்கிய 2017 ஆய்வில் குடல் வலி எதிர்வினைகள் மாறாமல் நின்றன.

நரம்பைத் தொடாமலே அடக்குவதும் முடியும். லினாக்ளோடைடு 2012இல் அமெரிக்காவில் மலச்சிக்கல் வகை ஐபிஎஸ்ஸுக்கு அனுமதி பெற்றது. அது உட்படல செல்லில் மட்டும் வேலை செய்கிறது. அங்கே உண்டாகும் சிஜிஎம்பி என்ற பொருள் வெளியே கசிந்து பக்கத்து வலி முனைகளைத் தணிக்கிறது என்று எலி ஆய்வுகள் காட்டுகின்றன. ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மாத்திரைகளை மட்டும் நீண்ட காலத்துக்கு நாடாதீர்கள். குடலைக் கட்டிப்போடுவதோடு சிலருக்கு வயிற்று வலியையே கூட்டிவிடும்.

#17 செம்பருத்தி

கடைசியாக ஒன்று. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார். பெட்டியில் மனச்சோர்வு மருந்து என்று போட்டிருந்தது. இவரும் மனம் என்றுதான் நினைக்கிறார் என்று மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டேன்.

#18 மருந்துப்பெட்டி

எத்தனை மில்லிகிராம்?

#19 செம்பருத்தி

10. இரவில் ஒன்று.

#20 மருந்துப்பெட்டி

மனச்சோர்வுக்கு அது போதவே போதாது, பல மடங்கு வேண்டும். இந்த அளவு வலிப்பாதைக்காகக் கொடுப்பது. இங்கிலாந்தில் அட்லான்டிஸ் என்ற சோதனையில் 463 ஐபிஎஸ் நோயாளிகளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மருந்து எடுத்தவர்களுக்கு அறிகுறிகள் குறைந்தன. 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பதற்ற, மனச்சோர்வு மதிப்பெண்களில் இரு குழுவுக்கும் சொல்லும்படி வேறுபாடு இல்லை. மனத்தை மாற்றாமலே குடல் தணிந்திருக்கிறது. வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அது கூடலாம். வேறு மாத்திரைகள் எடுக்கிறீர்கள் என்றாலோ இதயத் துடிப்பில் சிக்கல் உண்டு என்றாலோ எழுதிக்கொடுத்தவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.